கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

சென்னையில் வீடு கட்டியவர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சம்ப் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வாசல் பக்கம் இரும்பு மூடி போட்ட தரைத்தொட்டி; அதிலிருந்து மோட்டார் தண்ணீரை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தால் மேலே நிரம்பி வழியும், தெருவில் போகிறவர் குரல் கொடுப்பார். வீட்டில் வைக்கும் கடல்நீர் மீன்தொட்டியும் இதே ஏற்பாடுதான். மேலே மீன் நீந்தும் தொட்டி, கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப், இரண்டுக்கும் நடுவே ஒரு ரிட்டர்ன் மோட்டார். மேல்தொட்டியின் தடுப்புச் சுவரைத் தாண்டி வழியும் தண்ணீர் குழாய் வழியே சம்ப்புக்கு இறங்கும். மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். வித்தியாசம் என்னவென்றால், இந்த மோட்டார் நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஓடுகிறது. நிரம்பினால் வெளியே கொண்டுபோய் விடுவதற்கு இங்கே குழாய் கிடையாது. வழிந்தால் ஹாலில்தான் வழியும், அதுவும் உப்புத் தண்ணீராக.

தொட்டி விரிசல் விட்டு வீடு நனைவது அபூர்வம். பெரும்பாலும் கண்ணாடி, சிலிக்கான், குழாய் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனாலும் தரையில் தண்ணீர் நிற்கும். காரணம், மோட்டார் நின்றபோதோ ஒரு குழாய் அடைத்துக்கொண்டபோதோ இடம் மாறிய தண்ணீருக்குப் போய்ச் சேர இடம் இல்லை. எந்த வால்வும் ஒரு நாள் சிக்கும், எந்த சென்சாரும் ஒரு நாள் பொய் சொல்லும். காலியாக விட்ட இடம் மட்டும் பழுதாவதில்லை. அதனால் கருவி வாங்குவதற்கு முன்னால் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

நம் வீட்டு ஹால்களில் அடங்கக்கூடிய அளவையே எடுத்துக்கொள்வோம்: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 10 மி.மீ. கண்ணாடி போக உள்ளளவு சுமார் 118 செ.மீ. நீளம், 43 செ.மீ. அகலம். பெருக்கினால் 5,074 சதுர செ.மீ. அதாவது மேல்தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5 லிட்டர் கீழே வந்திருக்கிறது. இந்த எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். கீழே 3 அடி நீளம், 14 அங்குல அகலத்தில் சம்ப். உள்ளளவு 89 க்கு 34, உயரம் 39 செ.மீ. அதில் 1 செ.மீ. என்பது 3 லிட்டர். சம்ப்புக்குள் மூன்று அறைகள். முதல் இரண்டிலும் தடுப்புக் கண்ணாடியின் உயரமான 22 செ.மீ. வரை தண்ணீர் எப்போதும் நிற்கும். மோட்டார் இருக்கும் கடைசி அறை 30 செ.மீ. நீளம், அதில் 1 செ.மீ.க்கு 1 லிட்டர். அங்கே ஓடும்போது 18 செ.மீ. தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே காலியாக இருப்பது 22 க்கும் 39 க்கும் நடுவே 51 லிட்டர், மோட்டார் அறையில் 4 லிட்டர், ஆக 55 லிட்டர்.

இப்போது கரண்ட் போகிறது. மேல்தொட்டியின் தடுப்புச் சுவருக்கு மேல் ஒன்றரை செ.மீ. உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் முழுக்க இறங்கும். அது வெறும் ஏழரை லிட்டர், பயமில்லை. பயப்பட வேண்டியது ரிட்டர்ன் குழாயைப் பார்த்து. மோட்டார் நின்ற மறுகணம் அந்தக் குழாயில் தண்ணீர் தலைகீழாக ஓடத் தொடங்கும். குழாயின் வாய் காற்றை உறிஞ்சும் வரை நிற்காது. வாய் நீர்மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே இருந்தால், 8 பெருக்கல் 5, நாற்பது லிட்டர். தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கும் வழிவுப் பெட்டியிலும் குழாய்களிலும் தேங்கியிருப்பது இன்னொரு 5 லிட்டர். மொத்தம் 45. சம்ப்பில் 55 இருந்தது, தப்பித்தோம். ஆனால் அந்த இடைவெளி விளிம்பிலிருந்து மூன்று செ.மீ. சொச்சம்தான்.

சித்திரை மாதம் வருகிறது. தொட்டிக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, தண்ணீர் மளமளவென்று ஆவியாகிறது. குடும்பம் நாலு நாள் ஊருக்குக் கிளம்புகிறது. போகும்போது, குறையக் கூடாதே என்று ஒரு 20 லிட்டர் கேனை அப்படியே சம்ப்பில் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த 20 லிட்டரில் 4 மோட்டார் அறையை நிரப்பும். மீதி 16, தடுப்புகளுக்கு மேல் ஏறி மொத்த சம்ப்பையும் 5 செ.மீ.க்கு மேல் உயர்த்தும். காலி இடம் 35 லிட்டராகச் சுருங்கிவிட்டது. அன்று இரவு ஒரு பத்து நிமிஷ கரண்ட் கட் போதும், 45 லிட்டர் இறங்கும், 10 லிட்டர் தரைக்கு வரும். எந்தப் பொருளும் கெடவில்லை, எதுவும் உடையவில்லை. கோடையில் நடக்கும் வெள்ளங்களின் மூலக்கதை இதுதான்.

மாற்று சுலபம். ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே கொண்டுவந்து வையுங்கள். நாற்பது லிட்டர் பத்து லிட்டராகிவிடும். செலவு ஒரு எல்போ, அதாவது குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு. குழாய் வாய் ஆழத்தில் இருந்தால்தான் நீரோட்டம் நன்றாக வரும் என்று சிலர் சொல்வார்கள். நீரோட்டத்துக்கு வேவ்மேக்கர் என்ற தனி பம்ப் இருக்கிறது. ரிட்டர்ன் குழாயிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

வாயை உயர்த்த வழியே இல்லாத தொட்டிகளில் குழாயில் ஒரு துளை போடுவார்கள். 5 மி.மீ. ட்ரில் பிட், ஓடும் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே. கரண்ட் போய் மட்டம் இறங்கியதும் அந்தத் துளை காற்றை இழுத்துக் குழாய் ஓட்டத்தை அறுத்துவிடும். நல்ல உபாயம். ஆனால் அந்தத் துளையை ஒரு மாதம் கழித்துக் கிட்டப் போய்ப் பாருங்கள். முதலில் பழுப்பாக ஒரு வழுவழுப்பு விளிம்பைச் சுற்றிப் படிந்திருக்கும். அதன்மேல் ஊதா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி வளையம் கட்டத் தொடங்கியிருக்கும். 5 மி.மீ. துளை 3 ஆகி, 2 ஆகி, கடைசியில் குண்டூசி முனை அளவுக்கு வந்து நிற்கும். மிளகு அளவுள்ள ஒரு நத்தைக் குஞ்சு வந்து உட்கார்ந்தால் கதை முடிந்தது. ஆகவே இரண்டு துளை போடுங்கள், குழாயின் இரு பக்கமும் ஒவ்வொன்று. வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தென்னை ஈர்க்குச்சி கண்ணாடியையும் கீறாது, பிவிசியையும் கீறாது.

பிளம்பர் உடனே என்ஆர்வி, அதாவது தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு, போடச் சொல்வார். வீட்டு மோட்டாருக்கு அது சரி. கடல்நீரில் அதன் மூடி உட்காரும் விளிம்பில் சுண்ணாம்புக் குழாய் கட்டும் புழுக்கள் ஒட்டிக்கொள்ளும், மணல் சிக்கும், மூடி ஒரு மயிரிழை திறந்தே நிற்கும். மயிரிழை போதும், ராத்திரி முழுக்க கரண்ட் இல்லையென்றால் சொட்டுச் சொட்டாக எல்லாம் இறங்கிவிடும். போட விரும்பினால் போடுங்கள், ஆனால் அது இல்லை என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதிலும் பித்தளை என்ஆர்வி, பித்தளை கேட் வால்வு, பித்தளை நிப்பிள் எதுவும் கடல்நீர் பக்கமே வரக் கூடாது. பித்தளையில் இருக்கும் செம்பு கரைந்து இறால், நத்தை, அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிர் எல்லாவற்றையும் கொல்லும். பாரிமுனைப் பக்கம் குழாய் சாமான் வாங்கப் போனால், பளபளவென்று இருக்கிறதே என்று மயங்காமல், “அண்ணே, எல்லாம் பிவிசியிலயே குடுங்க, உள்ளே ஸ்பிரிங்கும் இரும்பா இருக்கக் கூடாது” என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி எதிர்ப்பக்கம். கரண்ட் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, இறங்கும் குழாய் அடைத்துவிட்டது. மோட்டார் பாட்டுக்கு மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மணிக்கு 1,800 லிட்டர் தள்ளும் மோட்டார் என்றால் நிமிஷத்துக்கு 30 லிட்டர். நம் கணக்கில் மோட்டார் அறையில் 18 செ.மீ. தண்ணீர், 6 செ.மீ.க்கு வந்ததும் மோட்டார் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ஆக அது மேலே ஏற்றக்கூடியது 12 லிட்டர். அதற்கு ஆகும் நேரம் 24 விநாடி. நீங்கள் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அதனால் ஆள் பார்த்து நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மேல்தொட்டியில் நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவே 3 செ.மீ. இருந்தால் 15 லிட்டர் கொள்ளும். 12 லிட்டர் அதற்குள் அடங்கும். மோட்டார் வறண்டு கத்தும், ஒருவேளை சூடாகிக் கெடும். ஆனால் தரை நனையாது. மோட்டார் அறையைச் சின்னதாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த 20 லிட்டர் கேன் கவிழ்த்த சம்ப்பில் இதே அடைப்பு வந்தால், தடுப்புக்கு மேலே நிற்கும் 16 லிட்டரும், மோட்டார் அறையில் 22-லிருந்து 6 வரை உள்ள 16 லிட்டரும் சேர்ந்து 32 லிட்டர் மேலே போகும். 15 தான் கொள்ளும். 17 லிட்டர் சோபாவுக்கு அடியில்.

இரண்டு ஆபத்துகளும் எதிரெதிர்த் திசையில் வந்தாலும் கேட்பது ஒன்றையே: மோட்டார் அறையில் தண்ணீர் குறைவாக இருக்கட்டும். எவ்வளவு குறைவாக என்பதைத் தொட்டியையே சொல்ல வைக்கலாம். உப்பு கரைக்கும் முன்பு, வெறும் தண்ணீரில் செய்ய வேண்டிய சோதனை இது. மோட்டாரை நிறுத்தி, இறங்க வேண்டியது எல்லாம் இறங்கும் வரை பதினைந்து நிமிஷம் காத்திருங்கள். பிறகு சம்ப்பின் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரை தண்ணீர் ஊற்றுங்கள். மோட்டாரைப் போடுங்கள். மட்டம் நிலைத்ததும் மோட்டார் அறைக் கண்ணாடியில் ஒரு கோடு. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் கரண்ட் கட்டில் வழியலாம். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கும் குழாய்களை எல்லாம் துணி வைத்து அடைத்து, சுவிட்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு மேல்தொட்டி விளிம்பைப் பாருங்கள். வழியப் போகிறது என்றால் உடனே அணைத்து, சம்ப்பிலிருந்து இரண்டு லிட்டர் எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். மோட்டார் காற்று உறிஞ்சும் வரை மேலே வழியாத அளவு கிடைத்ததும், அடைப்பை எடுத்து, ஓடும் மட்டத்தில் இரண்டாவது கோடு. இரண்டில் எது தாழ்ந்ததோ அதுதான் உங்கள் எல்லை. சிவப்பு இன்சுலேஷன் டேப்பை வெளிப்பக்கம் ஒட்டி, மற்றதை அழித்துவிடுங்கள். இரண்டு கோடு இருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் மேல்கோட்டைத்தான் நம்புவார்.

குழாய் ஏன் அடைக்கிறது? வழிவுப் பெட்டியின் சீப்புப் பற்களில் நத்தை ஏறி உட்காரும், ஒன்றல்ல, சில ராத்திரிகளில் நாலைந்து. இடம் பிடிக்காத அனிமோன் நடந்து போய்க் குழாய் வாய்க்குள் தன்னைத் திணித்துக்கொள்ளும். ரீஃப்யூஜியம் என்ற பாசி அறையில் வளர்த்த பாசியின் ஒரு கொத்து பிய்ந்து வந்து குழாயின் எல்போவில் தங்கும். வலை மூடி போட்டால் என்ன என்று தோன்றும். வலை மூடி தானே முதலில் பாசி பிடித்து அடைக்கும். சரியான தீர்வு, ஒரு குழாயை நம்பாமல் இருப்பது. ஒரு குழாய் மட்டும் உள்ள டர்சோ அமைப்புக்கு மாற்று வழியே கிடையாது. இரண்டு குழாய் உள்ள ஹெர்பி அமைப்பில் ஒன்றில் கேட் வால்வு வைத்து, காற்றே கலக்காமல் முழுக்குழாயாகத் தண்ணீர் இறங்கும்படி திருகி வைப்பார்கள். இன்னொன்று சும்மா நிமிர்ந்து நிற்கும், வாய் பெட்டியின் ஓடும் மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே. முதலாவது அடைத்தால் தண்ணீர் ஏறி இரண்டாவதில் இறங்கும். மூன்று குழாய் உள்ள பீன் அனிமல் அமைப்பு இன்னும் பத்திரம், ஆனால் நம் 4 அடித் தொட்டிக்கு இரண்டு போதும் என்பது என் அபிப்பிராயம். நிபந்தனை ஒன்று: அந்த அவசரக் குழாய் தனியாகவே மோட்டாரின் முழு ஓட்டத்தையும் சுமக்க வேண்டும். முதல் குழாயின் வால்வை முழுக்க மூடிவிட்டு பத்து நிமிஷம் ஓட விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதில் காதுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். அவசரக் குழாயின் கீழ்முனையைச் சம்ப் தண்ணீருக்குள் முக்காமல், மட்டத்துக்கு நாலு விரல் மேலேயே வெட்டி விடுங்கள். சரியாக ஓடும் ஹெர்பி அமைப்பு ஏறக்குறைய சத்தமே போடாது. முதல் குழாய் அடைக்கத் தொடங்கியதும் அவசரக் குழாயில் தண்ணீர் சொர்ரென்று காற்றோடு கலந்து கொட்டும். நடுராத்திரியில் பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும் சத்தம் அது. பேட்டரி வேண்டாம், சென்சார் வேண்டாம்.

தொட்டியில் துளை போடாமல் விளிம்பில் மாட்டும் வழிவுப் பெட்டிகள் விற்கிறார்கள். வளைந்த குழாய் வழியே தண்ணீர் தாண்டி வரும். அந்த வளைவில் காற்றுக் குமிழி சேர்ந்தாலோ, கரண்ட் போய் வரும்போது ஓட்டம் அறுந்தாலோ, மோட்டார் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் அடிக்கடி போய் வரும் ஊரில் இதை வைக்காதீர்கள். துளை போட்ட தொட்டியே வாங்குங்கள், அல்லது போடச் சொல்லுங்கள். கொளத்தூரில் மீன்தொட்டி செய்பவர்களிடம் சாதாரணக் கண்ணாடியில் வைரப்பல் ஹோல்சாவால் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்கச் சொல்லலாம். டஃபன்ட் கண்ணாடியில் துளைக்க முடியாது, பிட் தொட்டதும் தூளாகும். முதலில் துளையில் குழாயை இணைக்கும் டேங்க் நிப்பிளை வாங்கிவிட்டு அதன் அளவுக்குத் துளை. துளைக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டம் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். ரப்பர் வாஷர் நிப்பிளின் தலைப்பக்கம் வரும். நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. ஸ்பானரை வைத்து வலுவாக இறுக்கினால் கண்ணாடி விரியும்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தானே ஊற்றிக்கொள்ளும் ஆட்டோ டாப்-அப் இப்போது பலர் வீட்டில் இருக்கிறது. வெளியூர் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம், ஆனால் மேலே சொன்ன கணக்கு எல்லாவற்றையும் குலைக்கக்கூடியது. குழாய் அடைத்து மோட்டார் அறை வறண்டதும், அதன் மிதவை சுவிட்ச் மட்டம் இறங்கிவிட்டதாக நினைத்து நல்ல தண்ணீரை ஊற்றத் தொடங்கும். மோட்டார் அதையும் மேலே ஏற்றும். மிதவையில் உப்புப் பூத்து, அது சரியும் தண்டில் வெள்ளையாகப் படிந்து, மிதவை கீழேயே ஒட்டிக்கொண்டால் வேறு காரணமே வேண்டாம். ஒளி சென்சார்களின் கண்ணாடி முனையில் நத்தை ஏறினால் அதற்கும் கண் மறைந்துவிடும். ஆகவே கட்டுப்பாடு சுவிட்சில் இல்லாமல் வாளியில் இருக்கட்டும். டாப்-அப் தண்ணீர் வைக்கும் வாளி எவ்வளவு பெரியதோ, அதிகபட்ச விபத்தும் அவ்வளவுதான். நம் தொட்டியில் மொத்தம் 250 லிட்டர், உப்பளவு 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு. 20 லிட்டர் நல்ல தண்ணீர் முழுக்கக் கலந்தால் 32.4 ஆகும். மீன்கள் தாங்கும். ஒரு மாதத்துக்கு ஆகட்டும் என்று 60 லிட்டர் டிரம் வைத்தால் அதே கோளாறில் 28.2. நத்தைக்கும் அனிமோனுக்கும் அது மரண அடி. டாப்-அப் குழாயின் முனை எப்போதும் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். வாளியும் சம்ப் மட்டத்தைவிட உயரமாக இருக்கக் கூடாது. உயரமாக இருந்தால் பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு வரும். ஆர்ஓ இயந்திரத்தின் குழாயையோ மாடித்தொட்டிக் குழாயையோ நேரே சம்ப்பில் கோத்துவிடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அந்த வாளிக்கு அடியே கிடையாது.

ஆர்ஓ பற்றிச் சொன்னதால் இதையும். நாளுக்கு 75 கேலன் மெம்பிரேன் என்றால் மணிக்குச் சுமார் 12 லிட்டர். 50 லிட்டர் டிரம் நிறைய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இவ்வளவு நேரம் யாரும் பக்கத்திலேயே நிற்க மாட்டார்கள், மறப்பார்கள். டிரம்மைப் பாத்ரூமுக்குள் வைத்து நிரப்புங்கள். வழிந்தால் வடிகாலுக்குப் போகும்.

நுரையால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஒரு தனி ரகம். புது எபாக்ஸி ஒட்டிய அன்றோ, மருந்து ஊற்றிய அன்றோ, கரண்ட் வந்து சம்ப் மட்டம் உயர்ந்து நிற்கும் முதல் சில நிமிஷங்களிலோ நுரை பொங்கிக் கோப்பையைத் தாண்டும். ஸ்கிம்மர் சம்ப்புக்குள்ளேயே இருந்தால் வழிவது சம்ப்பிலேயே விழும், அழுக்கு திரும்பக் கலக்கும், அவ்வளவுதான். கோப்பையிலிருந்து வெளியே ஒரு கேனுக்குக் குழாய் விட்டிருந்தால் கேன் நிறைந்து தரையில் ஓடும். அப்போது சம்ப்பில் குறைவதை ஆட்டோ டாப்-அப் நல்ல தண்ணீரால் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். வீடும் நனையும், உப்பும் இறங்கும். அந்தக் கேனைச் சம்ப்புக்குள்ளேயே தொங்கவிட இடம் இல்லையென்றால் குழாயை மாட்டாதீர்கள்.

பேட்டரி ஏர் பம்ப் வைத்திருப்பவர்கள் அதை நீர்மட்டத்துக்கு மேலே, சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். கீழே வைத்தால், பேட்டரி தீர்ந்ததும் அந்தச் சின்னக் குழாய் வழியே தண்ணீர் திரும்பி இறங்கி பம்ப்பை நனைத்துத் தரையில் சொட்டும். நாலு மி.மீ. குழாய்தான், ஆனால் ராத்திரி நீளமானது. ஜங்ஷன் பாக்ஸும் அப்படியே: தரையில் கிடக்கக் கூடாது, சம்ப்புக்கு நேர் மேலேயும் கூடாது, பக்கவாட்டுச் சுவரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் பிளக்கை விடக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு ஏறட்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நல்ல தண்ணீரைவிடப் பன்மடங்கு கடத்தும், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மாடித்தொட்டி நிறைந்தால் கத்தும் அலாரம் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறதே, அதன் சென்சார் முனையை ஸ்டாண்டுக்குள் தரையில் ஒரு தட்டில் வைத்தால் நல்ல காவல். சம்ப்புக்குள் மட்டும் போடாதீர்கள், உலோக முனை கரையும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையில் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. மேலே செங்கல், கீழே மர உத்தரம். அந்த வீடுகளின் மாடியில் தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 400 கிலோ ஏற்றுவது சரியல்ல. கசிந்தால் மரம் ஊறும். அடுக்குமாடி வீடுகளில் கான்கிரீட் தாங்கும், ஆனால் டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கும் உப்பு உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கீழ்வீட்டு சீலிங்கில் தெரிவதற்கு நாளாகும்.

தரைத்தளத்தில், அதுவும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைத் தாழ்வுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு திசையிலிருந்தும் வெள்ளம் வரும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டதுமே ஸ்டாண்டைத் திறந்து பாருங்கள். வீட்டிலேயே தாழ்வான தொட்டி சம்ப்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்யும் வீடுகளுக்குள் வந்தது. அப்படிப்பட்ட தண்ணீர் ஒரு சொம்பு அளவு சம்ப்பில் கலந்து மோட்டாரும் ஓடினால் மேலே இருக்கும் எல்லா உயிரும் போகும். தெருத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் மெயினை அணைத்து, ரிட்டர்ன் குழாயின் யூனியன் இணைப்பைக் கழற்றிவிட்டு, மேல்தொட்டியில் பேட்டரி ஏர் பம்ப்பை ஓடவிடுங்கள். தீனி போட வேண்டாம். சம்ப்பைக் காலி செய்யவும் வேண்டாம். வெளியே தண்ணீர் சூழ்ந்தால் காலித் தொட்டி மிதந்து குழாய்களை முறிக்கும். ஸ்டாண்ட் செய்யும்போதே சம்ப் உட்காரும் தட்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்திவிட்டால் பாதிக் கவலை இல்லை.

எல்லாம் மீறி ஹால் நனைந்துவிட்டால், நனைந்த தரையில் கால் வைப்பதற்கு முன் எம்சிபியை இறக்குங்கள். தரைத் தண்ணீரைப் பிழிந்து தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். அதில் பினாயில் இருக்கும். தொட்டியில் குறைந்தது உப்புத் தண்ணீர், ஆகவே அதே உப்பளவில் கரைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். டாப்-அப்பால் வழிந்த வெள்ளம் என்றால் முதலில் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், உப்பு இறங்கியிருக்கும். இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றுங்கள். தரையை நல்ல தண்ணீரில் மூன்று தடவை துடையுங்கள். ஒரு தடவை துடைத்தால் உப்பு அங்கேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். பிளைவுட் ஸ்டாண்டின் அடிப்பலகையைத் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள்.

ஊருக்குப் போகும்போது ஸ்டாண்டுக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகலாம். பெரிய எழுத்தில், வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்குப் புரியும் பேச்சில்:

“அம்மா, தண்ணி குறைஞ்சா பச்சை வாளில இருக்கிறதை சொம்பால ஊத்துங்க. சிவப்பு டேப்புக்குக் கீழேயே நிறுத்திடுங்க, கேனைத் தூக்கி ஊத்த வேணாம். சொர்ருனு சத்தம் வந்தா பக்கத்து சுவத்துல மேல இருக்கிற முதல் சுவிட்சை அணைச்சிடுங்க. மீனுக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் எனக்கு போன் பண்ணுங்க.”